ஐந்து புள்ளி எட்டு

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மதுமதி கையெழுத்துப் போட உட்காருவாள். முப்பது தாள்கள். அத்தனையும் வெற்றுத் தாள்கள். மேலே ஆய்வகத்தின் பெயர், நடுவே ஒன்றும் எழுதாத கட்டங்கள், கீழே 'ஆய்வு செய்தவர்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் தன் பெயரைச் சரசரவென்று இழுத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவாள். வாரத்தில் வரும் மாதிரிகளுக்கு முடிவு தெரிந்ததும் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடலாம், அவள் லீவு போட்டாலும் வேலை நிற்காது என்பது ஏற்பாடு. அடையாறு காந்தி நகரில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆய்வகத்தில் இது தப்பென்று யாருக்கும் தோன்றியதில்லை. மதுமதிக்கும் தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. வேதியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய பெண். அந்த மூளை சனிக்கிழமை மதியம் மட்டும் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

பக்கத்து மேஜை சீதாவும் தன் பங்குக்கு முப்பது தாளில் போடுவாள். இரண்டு கட்டும் சீதாவின் இழுப்பறையில் இருக்கும். அறிக்கைகளை அச்சடிப்பது அவள் பொறுப்பு. மயிலாப்பூர்க்காரி, மதுமதியைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் அவர்களுக்குள் மூத்தவள் இளையவள் என்ற கணக்கெல்லாம் கிடையாது. சீதா கொண்டுவரும் வத்தக்குழம்பு பாதி மதுமதிக்கு. மதுமதிக்குக் காய்ச்சல் வந்தபோது மேற்கு மாம்பலம் வரை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். உலகத்தில் யாரை நம்புவாய் என்று கேட்டால் மதுமதி அம்மா பெயருக்கு அடுத்தபடியாகச் சீதாவின் பெயரைச் சொல்லியிருப்பாள்.

தினமும் காலையில் அங்கே கூட்டித் துடைக்க வருபவள் தேவானை. பட்டினப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பெரும்பாக்கம் குடிசைமாற்று அடுக்குமாடிக்குத் தள்ளப்பட்டவள். காலையில் இங்கே இரண்டு மணி நேரம். பிறகு தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக் கடை ஒன்றில் இரவு எட்டு வரை கழிப்பறைகளைக் கழுவும் வேலை. ஒப்பந்தக்காரர் கொடுத்த வருகை அட்டையில் தினமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதைப் போடுவது மதுமதி. தேவானைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு வருடமாகத் தினம் பார்த்துப் பார்த்து, மதுமதியின் கையெழுத்தை நூறு கையெழுத்துக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆடி மாதத் தள்ளுபடி விற்பனை தொடங்கிய வாரம் தேவானை வேலைக்கு வரவில்லை. தள்ளுபடிக் கூட்டத்தில் கடையில் விட மாட்டேன் என்கிறார்கள் போலிருக்கிறது என்று சீதா சொன்னாள். எட்டாவது நாள், ஒரு வியாழக்கிழமை, தேவானை வந்தாள். இடது கண் மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கன்னத்தில் சாம்பல் நிறத்தில் தோல் உரிந்திருந்தது. துடைப்பத்தைத் தொடவில்லை. தோளில் கனமாக ஒரு துணிப் பையோடு மதுமதியின் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

நடந்ததை அவள் அழாமல்தான் சொன்னாள். கடையில் கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றும் பெண்களுக்கு முன்பெல்லாம் கண்ணாடியும் கையுறையும் கொடுப்பார்கள். ஜூன் கடைசியில் சூப்பர்வைசர், ஆசிட் கம்பெனி கொடுத்த ஆய்வுத் தாள் ஒன்றைச் சாமான் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, இனி வாங்கும் ஆசிட் பத்து சதவீதம்தான், தண்ணீர் மாதிரி, கண்ணாடியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பயந்தார்கள். தேவானை போய்த் தாளைப் பார்த்தாள். கீழே மதுமதியின் கையெழுத்து. எனக்குத் தெரிந்த பெண், படித்த பெண், அது சோதித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தைரியம் சொன்னாள். தன் கண்ணாடியையும் கழற்றி வைத்தாள். போன வாரம் புட்டியிலிருந்து குவளைக்கு ஊற்றும்போது தெறித்தது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் கருவிழி வெந்துவிட்டது என்றார்கள். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வருவது சந்தேகம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர்களோ அந்தத் தாளைக் காட்டியே அவளை வெளியே தள்ளிவிட்டார்கள். பத்து சதவீத ஆசிட் கண்ணை இப்படிப் பொசுக்காது, நீதான் பிளீச்சிங் பவுடரையும் எதையெதையோ கலந்திருக்கிறாய், அஜாக்கிரதை உன்னுடையது, வைத்தியமும் உன் பாடு, வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமென்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்களாம். ஆனால் அந்தத் தாள் சுவரில் இருக்கும்வரை யார் நம்புவார்கள்?

"நான் எதையும் கலக்கலம்மா. நீ பாத்துத்தானே போட்ட? பத்துதான்னா அப்ப என் தலையெழுத்துன்னு வுட்டுட்டுப் போறேன். நீ சொல்லு," என்றாள் தேவானை.

 மதுமதி ஜூன் மாதக் கோப்பை எடுத்துப் புரட்டினாள். அறிக்கை இருந்தது. ஜூன் பன்னிரண்டு. பியூரெட் அளவு ஐந்து புள்ளி எட்டு மில்லி, செறிவு பத்து சதவீதம், ஆய்வு செய்தவர் மதுமதி. ஜூன் பன்னிரண்டு அவள் அக்காவின் கல்யாணம். அன்றைக்கு அவள் தூத்துக்குடியில் பட்டுப்புடவையோடு பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். சோதனை செய்யும்போதே பியூரெட் அளவுகளை எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்தாள். ஜூன் பன்னிரண்டில் அந்த ஆசிட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

தேவானை துணிப் பையை அவிழ்த்தாள். பாதி ஆசிட் உள்ள பிளாஸ்டிக் புட்டி. சூப்பர்வைசர் தூக்கிப் போடச் சொன்னபோது போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாளாம். புட்டியில் ஒட்டியிருந்த தொகுதி எண்ணும் அறிக்கையில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன.

சீதா மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று கோபாலபுரம் போயிருந்தாள். முதலாளி இன்னும் வரவில்லை. தேவானையை ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு மதுமதி கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டாள். 

பள்ளிக்கூடத்தில் தரம்பார்த்தல், டைட்ரேஷன் என்று எல்லோரும் படித்திருக்கும் சோதனைதான். அமிலத்தின் வலு தெரியாது, காரத்தின் வலு தெரியும். தெரிந்த காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு காரத்துக்கு அமிலம் அடங்குகிறது என்று பார்த்தால் அதன் வலு வெளிப்பட்டுவிடும். மதுமதி புட்டியின் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழுந்தது. பத்து சதவீத ஆசிட் இப்படிப் புகையாது. அப்போதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் புகையை நம்பி எதையும் சொல்லக்கூடாது. ஐந்து மில்லியை எடுத்துத் தண்ணீர் கலந்து இருநூற்றைம்பது மில்லியாக்கி, அதில் பத்து மில்லியைக் கூம்புக் குடுவையில் விட்டு, நிறம் காட்ட ஃபீனாப்தலீன் இரண்டு சொட்டு சேர்த்தாள். காரம் நிரப்பிய அளவுக் குழாயான பியூரெட்டின் திருகைத் திறந்தாள்.

பத்து சதவீதமென்றால் ஆறு மில்லிக்குள் குடுவையில் இளஞ்சிவப்பு வந்துவிட வேண்டும். நான்கு. ஐந்து. ஐந்து புள்ளி எட்டு. குடுவையைச் சுழற்றினாள். தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. ஏழு, எட்டு, பத்து என்று காரம் இறங்கிக்கொண்டே போயிற்று. வந்துவிடு, வந்துவிடு என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். அவள் கெஞ்சியதற்கெல்லாம் ஆசிட் இரங்குமா?

"இன்னாம்மா தேடற?" என்று தேவானை கேட்டாள்.

"கலர் மாறணும்கா. எவ்ளோ சீக்கிரம் மாறுதோ, அவ்ளோ வலு கம்மி."

தேவானை ஒற்றைக் கண்ணால் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து தாண்டியது. பதினெட்டு தாண்டியது. இருபது புள்ளி இரண்டில் ஒரு சொட்டு விழுந்ததும் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு பரவி நின்றது. மறுபடி செய்தாள். இருபது புள்ளி இரண்டு. மூன்றாம் முறையும் அதேதான். கணக்குப் போட்டால் முப்பத்திரண்டு சதவீதம். ஆலையிலிருந்து வந்த ஆசிட்டைத் தண்ணீரே காட்டாமல் அப்படியே புட்டியில் அடைத்திருக்கிறார்கள். வலுவாக விற்றால் கறை ஒரே தேய்ப்பில் போகும், கடைகளிலிருந்து மறுபடி மறுபடி ஆர்டர் வரும். பத்து என்று சீட்டு ஒட்டினால் கடும் ஆசிட் விற்கத் தேவையான உரிமம், பதிவேடு என்ற தொல்லைகளும் இல்லை. ஒரே ஒரு டைட்ரேஷன் செய்திருந்தால், அரை மணி நேர வேலை, இந்தக் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும்.

மதுமதி முடிவைச் சொன்னாள். நீங்க எதையும் கலக்கலக்கா, ஆசிட்டே மூணு மடங்கு வலுவா இருக்கு என்றாள். சீதா சோதிக்காமலே எழுதியிருக்கிறாள் என்பதையும் சொன்னாள்.

"அப்ப உன் கையெழுத்து?"

இந்தக் கேள்விக்கு ஒரு நேரான பதில் இருந்தது. மதுமதி அதைச் சொல்லவில்லை. "என் கையெழுத்தை அவங்க யூஸ் பண்ணிட்டாங்கக்கா" என்றாள். அதில் பொய் இல்லை. உண்மையும் முழுசாக இல்லை. தேவானை அதைக் கள்ளக் கையெழுத்து என்றே எடுத்துக்கொண்டாள். எழுந்து வந்து மதுமதியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "கூட இருந்துகினே கழுத்தறுத்துட்டாளே உன்னை," என்று சொல்லி, அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். மதுமதியும் சேர்ந்து அழுதாள். தேவானையின் கைச்சூடு முதுகில் இருந்தவரை, தான் ஒரு பாவமும் அறியாதவள் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அழுகைக்கு அப்படி ஒரு சௌகரியம் உண்டு.

தேவானை போன பிறகு மதுமதி எட்டு மாதக் கோப்புகளைத் தரையில் பரப்பிக் குறிப்பேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். குறிப்பேட்டில் சோதனை இல்லாமலே போன அறிக்கைகள் நாற்பத்தொன்று. வினிகர், குடிதண்ணீர், பேட்டரி ஆசிட் என்று பல தினுசு. நாற்பத்தொன்றிலும் கீழே இருந்தது மதுமதியின் கையெழுத்து. ஒன்றில்கூட, தவறிப்போய்க்கூட, சீதாவின் கையெழுத்து இல்லை. சீதா போட்டிருந்த தாள்களெல்லாம் நிஜமாகச் சோதித்தவற்றுக்கே போயிருந்தன. இழுப்பறையில் இருந்த இரண்டு கட்டும் இரண்டு வேலைக்காக இருந்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய சீதா தரையில் கிடந்த கோப்புகளைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மறுக்கவில்லை. அந்தக் கம்பெனி சரக்கு ஆறு மாசமா அஞ்சு புள்ளி ஏழு, அஞ்சு புள்ளி எட்டுன்னுதானே வந்துண்டிருந்தது, ஒரு தடவை பார்க்காட்டா என்ன ஆயிடப்போறதுன்னு நெனச்சேன் என்றாள். மாதிரிப் புட்டியின் சீலைக்கூட உடைக்கவில்லையாம். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டுமென்று முதலாளி நெருக்கினாராம். தேவானையின் கண்ணைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தத் துக்கம் நிஜம்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஏன் என் தாளை எடுத்தீங்க? நாப்பத்தொண்ணு, சீதா. ஒண்ணுல கூட உங்க கையெழுத்து இல்லையே?"

 சீதா தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஆத்துல ரெண்டு பொண் குழந்தைகள். அவருக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆறது. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நாலு பேரும் தெருவுலதான் நிக்கணும். நீ ஒண்டிக்கட்டை. சின்னவள். உனக்கு இன்னொரு வேலை கிடைச்சுடும்னு நெனச்சேண்டி."

ஆக, யோசித்திருக்கிறாள். வத்தக்குழம்பைப் பங்கு போட்டுக்கொண்டே, மாம்பலத்துக்குக் கஞ்சி கொண்டுவந்துகொண்டே, ஒருநாள் தலை உருள வேண்டி வந்தால் யார் தலை என்பதையும் முடிவு செய்து வைத்திருக்கிறாள். மதுமதிக்குக் கோபம்கூட வரவில்லை.  இரண்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அன்றைக்கு ஒருசேரக் கசந்தது.

முதலாளி சிதம்பரநாதன் வந்ததும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த தொகுதிக்குச் சரியான அறிக்கை கொடுத்துவிடலாம், பழசைக் கிளற வேண்டாம், தேவானைக்கு இங்கேயே முழுநேர வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றார். மதுமதி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் குரலை உயர்த்தாமல், "யோசிச்சுக்கோங்க. தாள்ல இருக்கிறது உங்க கையெழுத்து. யாராவது வந்து கேட்டா மதுமதிதான் பண்ணாங்கன்னு நான் சொல்வேன். எனக்கு வேறென்ன தெரியும்?" என்றார். விஷயத்தை வெளியே கொண்டுபோகிறதானால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பதையும் அதே அமைதியோடு சொன்னார்.

மதுமதி புட்டியையும் தன் மூன்று அளவுகளையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அடையாறு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தே கடிதத்தை எழுதினாள். முதலில் எழுதியதில் சீதாவின் பெயர் ஆறு இடத்தில் வந்தது. 'என் கையெழுத்தைத் தவறாகப் பயன்படுத்தி' என்ற வரியில் பேனா நின்றது. எப்படிக் கிடைத்தது அந்தக் கையெழுத்து என்று ஒரு சின்னக் குழந்தைகூடக் கேட்கும். அதற்குப் பதில் எழுதாத கடிதம் தேவானைக்கு உதவாது. கடைக்காரன் வக்கீல் ஒரே நிமிடத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிடுவான். பதில் எழுதினாலோ இனி எந்த ஆய்வகமும் அவளை வாசற்படி ஏற்றாது. மூன்று பேருந்துகள் வந்து போயின. நான்காவது வருவதற்குள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதி முடித்தாள்.

மறுநாள் காலை தேனாம்பேட்டையில் தொழிலாளர் அலுவலகம். தேவானை வழியெல்லாம் மதுமதிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பொம்பளை நல்லாவே இருக்க மாட்டாள், நீ கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்றாள். கண் போனவள் கண் உள்ளவளுக்கு ஆறுதல் சொல்கிறாள். மதுமதி ஒவ்வொரு நிறுத்தத்திலும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நிறுத்தத்தில் என்று ஒத்திப்போட்டாள்.

அலுவலர் அப்துல் வஹீத் வயதானவர், அவசரப்படாதவர். மனுவை வாங்கிக்கொண்டு, கூடவே இருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மனு இவங்களோடது. இதுல என்ன இருக்குன்னு இவங்களுக்குத் தெரியணும். நீங்களே சத்தமா படிச்சுக் காட்டுங்க," என்று கடிதத்தை மதுமதியிடம் நீட்டினார்.

மதுமதி படித்தாள். அந்த ஆசிட்டின் உண்மையான செறிவு முப்பத்திரண்டு சதவீதம். ஜூன் பன்னிரண்டு அறிக்கையில் உள்ள எண் எந்தச் சோதனையிலும் கிடைத்ததல்ல. அந்த அறிக்கையில் உள்ள கையெழுத்து என்னுடையதே. யாரும் போலியாகப் போடவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் முப்பது வெற்றுத் தாள்களில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் என்ன எழுதப்பட்டது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

படித்து முடித்துக் கடிதத்தை மேஜையில் வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தேவானை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அரை அடிதான் இருக்கும். அந்த அரை அடியில் சீதா தனக்குச் செய்தது என்னவென்று மதுமதிக்கு இன்னொரு தடவை தெரிந்தது, இந்த முறை மறுபக்கத்தில் நின்றுகொண்டு. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று முணுமுணுத்தாள்.

"நேத்து உன்கூட குந்திகினு அழுதேனே," என்றாள் தேவானை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று மதுமதிக்குத் தோன்றியது. தேவானை அலுவலர் பக்கம் திரும்பினாள். "அந்த லெட்டரை வெச்சிக்க சார். நெஜந்தான் எழுதிக்கீது. வேலை போவும்னு தெரிஞ்சும் வந்துக்கீது. அதை நான் இல்லன்னு சொல்லல."

அப்துல் வஹீத் கடிதத்தை மனுவோடு சேர்த்து வைத்தார். ஆசிட் கம்பெனிக்கும், கடைக்கும், ஆய்வகத்துக்கும் விளக்கம் கேட்டு அன்றைக்கே நோட்டீஸ் போகும் என்றார். மதுமதியும் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும் என்றார். அவள் தலையசைத்தாள்.

தேவானை எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒட்டுப் போடாத கண்ணால் மதுமதியை நேராகப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. கையெழுத்துன்னா இன்னா? 'நான் பாத்துட்டேன், நீ பயப்படாத'ன்னு அர்த்தம். அதை நம்பித்தான் நான் கண்ணாடியக் கழட்டுனேன். என்கூட வேலை செய்யற பொண்ணுங்களையும் கழட்டச் சொன்னேன். பாக்காம போட்ட கையெழுத்து பேப்பரோட நிக்காதும்மா. எங்கியோ ஒருத்தி உடம்பு மேல போய் விழும். நீ பாக்காம வுட்ட. இப்ப எனக்குப் பாக்க முடியல."